நெறிக்கட்டியும் தலைவிதியும்

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் பேசியது)



இன்று நமக்குப் பேசக் கொடுக்கப்பட்டிருக்கின்ற விஷயம் புற்றுநோய் ஆராய்ச்சி என்பதாகும். இதைப் பேச இவருக்கு என்ன யோக்கியதை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைக்க வேண்டியதுதான். நாம் வைத்தியர் அல்ல. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் இதோ இந்த வாசகசாலை பெஞ்சியில் உட்கார்ந்து, தெரியாத வார்த்தைக்குத் தெரிந்தவர்களை நச்சரித்துக் கற்றுக் கொண்டதே ஒழிய வேறில்லை. ஆகையால் நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள், வைத்தியரைக் கண்டால் கேட்டுச் சரிபாருங்கள். தப்பாயிருந்தால் நம்மிடம் வந்து சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் திருத்திக் கொள்ளுகின்றோம்.

புற்றுநோய் என்பது அநேக வியாதிகளுக்கு வைத்த ஒரு பெயர். எல்லாவற்றையும் பேசுவதென்றால் விடிந்து போகும். அதிலே லிம்ஃபோமா என்கின்ற ஒன்றை மாத்திரம் எடுத்துக் கொள்ளுகின்றோம். ஏன் அதை எடுத்துக் கொண்டோமென்றால், அதற்குக் காரணமானவர் முன் வரிசையில் தொப்பி போட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கின்றார். விசைத்தறியில் வேலை பார்க்கும் தோழர். வயது 23. தம் கதையைச் சபையில் சொல்லலாமென்று அவரே நமக்கு உத்தரவு கொடுத்திருக்கின்றார்.

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் அவருக்கு இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே, ஒரு நெறி கட்டிற்று. வலியில்லை. பாட்டியம்மாள் தொட்டுப் பார்த்து, "இது கண்டமாலை, மந்திரித்தால் இறங்கிவிடும்" என்றார்கள். கயிறு கட்டி ஒரு மண்டலம் ஆயிற்று. நெறி ஒன்று இரண்டாயிற்று. பிறகு டவுனில் ஒரு வைத்தியர், கட்டியில் ஊசி குத்தியும் பார்க்காமல், வேறு சோதனையும் செய்யாமல், தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் காசக் கட்டியென்று சொல்லி மாத்திரை எழுதினார். நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டார். நெறி இறங்கவில்லை. தை மாதத்தில் ஒரு துண்டு விளம்பரம் அவர் கைக்கு வந்தது. ஒரே ரத்தத்தில் 8 புற்றுப் பரிசோதனை, பாதி விலை என்று போட்டிருந்தது. கடன் வாங்கிப் போய் ரத்தம் கொடுத்தார். மறுநாள் தாள் வந்தது. எட்டும் சரியாயிருக்கின்றது என்று அதில் அச்சடித்திருந்தது. பெண்களின் சினைப்பை நோய்க்குப் பார்க்கின்ற பரிசோதனை ஒன்றையும் எண்ணிக்கைக்காக இந்த ஆண்பிள்ளைக்குச் செய்து காசு வாங்கியிருந்தார்கள்.

அந்தத் தாளை அவர் எடுத்துக் கொண்டு நேரே வந்தது நம்மிடந்தான். தோழர்களே! நாம் என்ன செய்தோம் தெரியுமா? மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, எல்லா எண்ணும் கட்டத்துக்குள் இருக்கின்றதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, பாட்டியம்மாளிடமே போய், "கயிறா சொல்லிற்று? விஞ்ஞானமல்லவோ சொல்லிற்று, பேரனுக்குப் புற்று இல்லையென்று!" எனப் பெருமையடித்துக் கொண்டோம். பாட்டியம்மாள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். அந்தப் பொங்கலை நாம் தின்னவில்லை என்பதைத் தவிர, அன்றைக்கு அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் இருந்தது? பூசாரி சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்கின்ற நாம், அச்சடித்த தாளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பரிசோதனைகள் எந்த நோயைப் பார்க்கின்றன, இந்தக் கட்டியைப் பற்றி அவற்றுக்கு ஏதாவது தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இரண்டு மாதம் வீணாகியிருக்காது.

அந்த இரண்டு மாதத்தில் அவர் இளைத்துப் போனார். ராத்திரியில் சட்டையைப் பிழிகின்ற அளவுக்கு வேர்வை. கடைசியில் நம் ஊர் செவிலித் தாயார்தான் சத்தம் போட்டு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அந்த நெறியை முழுசாய் வெளியே எடுத்து, மெல்லிய சீவலாய்ச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று தெரிந்தது.

நெறி என்பது என்ன? நம் உடம்பில் ரத்தக் குழாய் ஓடுவது போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அக்குழாய்களின் வழியில் கழுத்திலும், அக்குளிலும், தொடை இடுக்கிலும், வயிற்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன. அவை காவல் சாவடிகள். லிம்ஃபோசைட் என்கின்ற வெள்ளை அணுக்கள் அங்கே தங்கி, வருகின்ற கிருமியைப் பிடித்து விசாரிக்கின்றன. தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுவதும், காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையில் நெறி கட்டுவதும் இதனால்தான். பெரும்பாலான நெறிகள் இரண்டு மூன்று வாரத்தில் தாமாகவே அடங்கிவிடும். கயிறு கட்டியவருக்கும் அடங்கும், கட்டாதவருக்கும் அடங்கும். கயிற்றுக்காரன் பிழைப்பு நடப்பது இந்தச் சங்கதியால்தான். அடங்காத நெறிகளில் நம் நாட்டில் பல காசநோயால் வருகின்றவை. அதுவும் சரியாய் மாத்திரை சாப்பிட்டால் குணமாகக் கூடிய வியாதிதான். இன்னும் சில, அந்தக் காவல் அணுக்களே கட்டுக்கு அடங்காமல் பெருகுவதால் வருகின்றவை. அதற்குத்தான் லிம்ஃபோமா என்று பெயர். வெளியிலிருந்து தடவிப் பார்த்து இது காசம், இது லிம்ஃபோமா என்று நிச்சயமாய்ச் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது.

இதைக் கண்டுபிடித்த கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாய்ச் சொல்ல வேண்டும். லண்டன் நகரத்தில் கய்ஸ் ஆஸ்பத்திரியில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்று ஒருவர் இருந்தார். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து எதனால் இறந்தார்கள் என்று கண்டுபிடிப்பதும், கெட்டுப்போன உறுப்புகளைச் சாராயத்தில் போட்டு ஜாடியில் அடைத்துக் காட்சிசாலையில் வைப்பதும் அவருடைய உத்தியோகம். 1832-ஆம் வருஷத்தில் 7 பேருடைய நோயைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று சபையில் படிக்கப்பட்டது. நெறிகளும் மண்ணீரலும் வீங்கி இறந்தவர்கள். இது ஏதோ ஒரு புண்ணினால் வந்த வீக்கமல்ல, நெறியிலேயே தோன்றுகின்ற நோய் என்பது அவர் அபிப்பிராயம். சபையில் இருந்தவர்கள் அதைப் பெரிதாய் எடுத்துக் கொள்ளவில்லை.

இந்த மனிதருக்கு வேறொரு கெட்ட பழக்கமும் இருந்தது. எங்கே யாரை நசுக்கினாலும் அவர் வாய் சும்மா இராது. வட அமெரிக்காவில் ஹட்சன் பே கம்பெனியார் அந்நாட்டுப் பூர்வகுடிகளைச் சாராயம் கொடுத்துக் கெடுத்துக் கொள்ளையடிக்கின்றார்கள் என்று எழுதினார், பேசினார். ஆஸ்பத்திரியின் பொருளாளரோ அந்தக் கம்பெனியில் அதிகாரமுள்ளவர். 1837-இல் வைத்தியர் பதவி ஒன்று காலியானபோது ஹாட்ஜ்கினுக்கு அது கிடைக்கவில்லை. இதற்கு அந்த விரோதமே முக்கிய காரணம் என்று சரித்திரம் எழுதினவர்கள் சொல்லுகின்றார்கள். அவர் ஆஸ்பத்திரியை விட்டே வெளியேறினார். அதே வருஷத்தில் பூர்வகுடிகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் ஏற்படுத்துவதில் முன்னின்றார். 1866-இல் பாலஸ்தீனத்தில் ஜாஃபா என்னும் ஊரில் இறந்தார்.

அவர் இறப்பதற்கு ஒரு வருஷம் முந்தி, அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் என்பவர் அந்த நோயைப் பற்றி மறுபடி எழுதினார். தாமே புதிதாய்க் கண்டதாக முதலில் எண்ணியிருந்தவர், ஹாட்ஜ்கின் முன்னமே சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்து கொண்டு, நோய்க்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். தம் பெயரை வைத்துக் கொண்டிருந்தால் கேட்பார் யார்? கண்டுபிடித்தவனுடைய பெயரை மறைத்து, ரிஷி சொன்னார், அசரீரி சொல்லிற்று என்று எழுதி வைப்பதையே பார்த்துப் பழகிய நமக்கு இது அதிசயமாய்த்தான் இருக்கும்.

அதைவிட அதிசயம் அந்த ஜாடிகள். 1926-ஆம் வருஷத்தில், அதாவது 94 வருஷம் கழித்து, ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்கின்ற அமெரிக்கர், ஹாட்ஜ்கின் அறுத்து வைத்திருந்த சதைத் துண்டுகளில் மிச்சமிருந்தவற்றைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அவற்றில் சில மெய்யாகவே ஹாட்ஜ்கின் நோய். எல்லாம் அப்படியல்ல. மைக்ராஸ்கோப் இல்லாமல் வெறுங்கண்ணால் பார்த்த ஹாட்ஜ்கின் வேறு நோயையும் சேர்த்து ஒன்றாக எண்ணியிருந்தார். இதை அச்சடித்துப் பகிரங்கமாய்ச் சொன்னார்கள். மகானைக் குறை சொல்லுகின்றாயா என்று யாரும் தடியெடுத்துக் கொண்டு வரவில்லை. நோயின் பெயரும் மாறவில்லை.

இதை எதற்காக இவ்வளவு சொல்லுகின்றோமென்றால், நம் வைதீகரிடம் போய், "சுவாமி! தாங்கள் சொல்லுகின்ற முன்ஜென்ம வினையை ஒரு ஜாடியில் போட்டு வையுங்கள், 94 வருஷம் கழித்து எங்கள் பேரன் வந்து சோதித்துப் பார்க்கட்டும்" என்று கேட்டால் என்ன சொல்லுவார்? நாஸ்திகன் என்பார்.

அடுத்தபடி ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாட்ஜ்கின் நோய் காசத்தில் ஒரு தினுசு என்று அநேகர் எண்ணியிருந்தார்கள். 1898-இல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் என்பவர் அந்நோயில் காணப்படுகின்ற ஒரு விசித்திரமான அணுவை நன்றாக வர்ணித்தார். அவரும் அது காசத்தின் ஒரு வகையென்றே சொன்னார். 1902-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த டாரதி ரீட் என்னும் இளம் பெண் வைத்தியர் அதை மறுத்தார். காசம் வேறு, இது வேறு என்று ஒவ்வொரு நோயாளியாக எடுத்துச் சோதித்துக் காட்டினார். இரண்டு உட்கரு கொண்டு, இரண்டு பெரிய கண் விழிப்பது போல இருக்கின்ற அந்த அணுவை அவரே படமும் வரைந்தார். ஆந்தைக் கண் என்று அதற்கு ஒரு செல்லப் பெயர். நம்மூரில் ஆந்தை அலறினால் சாவு என்று கதவைச் சாத்துகின்றோம். அங்கே ஆந்தையை உற்றுப் பார்த்துச் சாவைத் தடுக்க வழி தேடினார்கள்.

அந்த அணுவுக்கு இன்றும் ரீட் ஸ்டெர்ன்பெர்க் அணு என்று பெயர். பெயர் கிடைத்தது, உத்தியோகம் கிடைக்கவில்லை. இந்தக் கல்லூரியில் பெண் ஆசிரியராய் மேலே வருவதற்கு வழியில்லை என்பதை அங்கே தெரியப்படுத்திவிட்டார்கள். அவர் அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு, பிற்காலத்தில் தாய் சேய் நலத்துக்காக உழைத்தார். மேல்நாடு என்றால் எல்லாம் யோக்கியம் என்று எண்ணாதீர்கள். அங்கேயும் மனுதர்மம் வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது.

இந்த ஆந்தைக் கண் அணு எதிலிருந்து வந்தது என்பது வெகு காலம் விவாதத்தில் இருந்தது. 1994-இல் ஜெர்மனியில் அந்த அணுவை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கியெடுத்து அதன் பரம்பரை எழுத்தைப் படித்து, அது பி என்று பெயரிட்ட லிம்ஃபோசைட்டிலிருந்து வந்ததென்று நிரூபித்தார்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஹாட்ஜ்கின் கட்டியில் உண்மையான புற்று அணு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று இரண்டு இருந்தால் அதிகம். மீதியெல்லாம் அது கூப்பிட்டுச் சுற்றிலும் உட்கார வைத்துக் கொண்ட சாதாரணக் காவல் அணுக்கள். தன்னைப் பிடிக்க வந்த போலீசுக்கே விருந்து வைத்து உட்கார வைக்கின்ற கொள்ளைக்காரனைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். அதனால்தான் மெல்லிய ஊசியில் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தால் சில சமயம் ஆள் அகப்படுவதில்லை. நெறியை முழுசாய் எடுத்துப் பார்க்க வேண்டுமென்று டாக்டர்கள் சொல்லுவது இதனால்தான், காசு பறிப்பதற்கல்ல. அந்த விருந்தைக் கலைத்து, மயங்கிக் கிடக்கின்ற காவல் அணுக்களைத் தட்டியெழுப்புகின்ற மருந்தும் இப்போது வந்துவிட்டது. அதற்கு வழி காட்டிய ஆலிசனுக்கும் ஹோஞ்ஜோவுக்கும் 2018-இல் நோபெல் பரிசு கொடுத்தார்கள்.

"எல்லாம் சரி ஐயா, காவல் அணு ஏன் கெட வேண்டும்? அதுதானே விதி?" என்று கேட்கின்றவர்கள் உண்டு. விதியல்ல, அதன் வேலையே அப்படிப்பட்டது. பி அணுவுக்கு ஒரு கடினமான உத்தியோகம் இருக்கின்றது. இதுவரை கண்டிராத கிருமிக்கும் பொருந்துகின்ற எதிர்ப்பொருளைச் செய்ய வேண்டும். அதற்காக அது தன் பரம்பரை எழுத்தையே வெட்டி ஒட்டித் திருத்தி எழுதுகின்றது. உடம்பில் மற்ற அணுக்களில் பெரும்பாலானவை இப்படிச் செய்வதில்லை. நெறிக்குள்ளே அவசர அவசரமாய்ப் பெருகிக் கொண்டே எழுத்தையும் திருத்துகின்றபோது, ஒரு சமயம் தப்பான இடத்தில் வெட்டு விழுந்துவிடுகின்றது. நிற்கச் சொல்லுகின்ற எழுத்து அழிந்து போகின்றது, அல்லது பெருகச் சொல்லுகின்ற எழுத்து தப்பான இடத்தில் போய் ஒட்டிக் கொள்ளுகின்றது. எவ்வளவு அதிகமாய், எவ்வளவு நாள் இந்த அணுக்கள் கிளறப்படுகின்றனவோ அவ்வளவுக்குப் பிழைக்கு இடமுண்டு. ஆகவேதான் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகின்ற நோய்கள் சிலவற்றில் லிம்ஃபோமா மற்றவர்களைவிட அதிகம் வருகின்றது. வாயும் கண்ணும் வறண்டு போகின்ற ஷோக்ரன் நோய் ஒன்று, தைராய்டு சுரப்பியைத் தாக்குகின்ற ஹாஷிமோட்டோ நோய் ஒன்று. அந்த நோய்க்காரர்கள் பயந்துவிட வேண்டாம். அவர்களிலும் பெரும்பாலோருக்கு லிம்ஃபோமா வருவதே இல்லை. புதிதாய் ஒரு வீக்கம் வந்தால் அசட்டையாயிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பிரத்தியட்ச அத்தாட்சி இருக்கின்றது. இரைப்பையில் வருகின்ற ஒரு தினுசு லிம்ஃபோமாவை 1983-இல் ஐசக்சன், ரைட் என்னும் இருவர் விவரித்தார்கள். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்கின்ற இருவர், இரைப்பையில் புண் உண்டாக்குவது ஒரு கிருமி என்றார்கள். ஊரே சிரித்தது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, வயிற்று நோயை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு வந்தது. பிற்பாடு, அந்தக் கிருமி கிளறிக் கொண்டேயிருப்பதால்தான் அந்த இரைப்பை லிம்ஃபோமாவும் வருகின்றது என்று கண்டு, 1993-இல் 6 நோயாளிகளுக்குக் கிருமியைக் கொல்லுகின்ற மாத்திரையை மாத்திரம் கொடுத்துப் பார்த்தார்கள். 5 பேருக்குக் கட்டியே மறைந்து போயிற்று. இன்று ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் அதற்கு முதல் சிகிச்சை அந்த மாத்திரைதான். எந்த ஜென்மத்திலோ செய்த பாவம், பரிகாரம் செய்யாமல் தீராது என்கின்ற கர்மபலன், இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் தீருமா? தீர்ந்ததென்றால் அது கர்மபலனா, கிருமியா? நீங்களே சொல்லுங்கள்.

உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வந்த லிம்ஃபோமாவை ஆராய்ந்த பர்க்கிட் என்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-இல் இரண்டு நண்பர்களுடன் ஒரு பழைய மோட்டாரில் ஆப்பிரிக்காவில் 10,000 மைல் சுற்றி, எந்தெந்த ஊரில் இந்நோய் உண்டு, எங்கே இல்லையென்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய்க் கேட்டுப் படத்தில் குறித்தார். அந்தக் கட்டியிலிருந்துதான் 1964-இல் எப்ஸ்டீன் முதலானவர்கள் ஒரு வைரஸைக் கண்டார்கள். மனிதப் புற்றில் கண்ட முதல் வைரஸ் அது. பர்க்கிட் பெரிய பக்திமான். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேசப்படத்தில் குறி வைக்கும்போது அவர் ஜெபத்தைக் கேட்டு வைக்கவில்லை, நோயாளியைப் பார்த்து வைத்தார்.

இனி அந்த எட்டுப் பரிசோதனைத் தாளுக்கு வருவோம். டியூமர் மார்க்கர் என்று அதற்குப் பெயர். புற்று இருக்கின்றபோது ரத்தத்திலோ சிறுநீரிலோ அதிகப்படுகின்ற பொருள் என்று அர்த்தம். சமாச்சாரம் பழையது. 1840-களில் லண்டனில் ஒரு மளிகைக் கடைக்காரருடைய சிறுநீரை பென்ஸ் ஜோன்ஸ் என்பவர் சோதித்தார். சூடாக்கினால் அதிலே ஒரு பொருள் திரிந்தது, கொதிக்க வைத்தால் மறுபடி கரைந்தது. முட்டையின் வெள்ளைக் கரு ஒரு தரம் இறுகினால் கரையாது, இது கரைந்தது. எலும்பு மஜ்ஜையில் வருகின்ற மைலோமா என்னும் புற்றின் அடையாளம் அது. இன்றைக்கும் அந்நோய்க்கு அதைப் பார்க்கின்றார்கள். பிறகு 1960-களில் ஈரல் புற்றுக்கு ஒன்று, குடல் புற்றுக்கு ஒன்று, 1981-இல் சினைப்பைப் புற்றுக்கு ஒன்று என்று வரிசையாய் வந்தன.

குடல் புற்றுக்கென்று கண்ட பொருள் குடல் புற்றில் மாத்திரமே இருக்கும் என்று முதலில் எண்ணினார்கள். பிறகு பார்த்தால் சுருட்டுப் பிடிக்கின்றவர்களுக்கும் அது ஏறுகின்றது. சினைப்பைப் பொருள் கர்ப்பத்திலும், மாதவிலக்கிலும், வயிற்றுக் காசத்திலும் ஏறுகின்றது. புற்று இருந்தும் ஏறாமல் இருக்கின்றவர்களும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கின்றதென்றும், பரிசோதனை நோயில்லாத நூறு பேரில் 5 பேரைத் தப்பாய்ப் பிடிக்கின்றதென்றும் வைத்துக் கொள்ளுங்கள். ஆயிரம் பேருக்கும் செய்தால் ஒரு நோயாளிக்காக 50 பேர் தூக்கம் கெட்டு, ஸ்கேனுக்கும் கத்திக்கும் ஓட வேண்டும். வெறும் கணக்கல்ல இது. இங்கிலாந்தில் 2 லட்சம் பெண்களுக்கு மேல் சேர்த்துக் கொண்டு, சினைப்பைப் பொருளை வருஷா வருஷம் பார்த்தால் சாவு குறைகின்றதா என்று வெகு காலம் சோதித்தார்கள். 2021-இல் முடிவு சொன்னார்கள். குறையவில்லை.

அப்படியானால் இவையெல்லாம் பித்தலாட்டமா? அல்ல. விதைப்பையில் வருகின்ற சில புற்றுகளில் இவை பெரிய துணை. நோய் இன்னதென்று தெரிந்த பின் மருந்து பிடிக்கின்றதா, திரும்பி வருகின்றதா என்று பார்க்கவும் உதவுகின்றன. லிம்ஃபோமாவில்கூட எல்.டி.எச். என்கின்ற பொருளை ரத்தத்தில் பார்க்கின்றார்கள். நோயின் வேகத்தை அறிய அது ஒரு தடயம். ஆனால் லிம்ஃபோமா இருக்கின்றதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லுகின்ற டியூமர் மார்க்கர் ரத்தத்தில் கிடையாது. அந்த எட்டில் ஒன்றுக்கும் அந்த வேலை தெரியாது. கேட்கத் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு அதைப் பாதி விலைக்கு விற்கின்றவனுக்கும், ஜாதகத்தில் எட்டாம் இடம் பார்க்கின்றவனுக்கும் தொழில் ஒன்றேதான். பயத்தை விற்கின்றார்கள், அல்லது தைரியத்தை விற்கின்றார்கள். ஜாதகக்காரனிடம் மைக்ராஸ்கோப் இல்லை. இவனிடம் இருந்தும் பார்க்கவில்லை என்பதால் இவனை நாம் அதிகம் கோபிக்கின்றோம்.

லிம்ஃபோமாவுக்கு உதவுகின்ற அடையாளம் ரத்தத்தில் மிதப்பதல்ல, அணுவின் தோலில் ஒட்டியிருப்பது. ஜாதிக் குறியல்ல, வேலைக் குறி. அதைக் கண்டுபிடிக்க வழி செய்தவர்கள் மில்ஸ்டீன், கோலர் என்னும் இருவர். குறிப்பிட்ட ஒரே பொருளில் மாத்திரம் போய் ஒட்டுகின்ற எதிர்ப்பொருளை வேண்டிய அளவு செய்கின்ற முறையை 1975-இல் கேம்பிரிட்ஜில் கண்டார்கள். அதற்குப் பேடண்ட் எடுக்கப்படவில்லை. உலகத்தார் எல்லோரும் எடுத்துக் கொண்டார்கள். அந்த எதிர்ப்பொருளில் சாயம் சேர்த்துச் சதைச் சீவலின் மேல் விட்டால், இது பி அணு, இது டி அணு, இது ஆந்தைக் கண் அணு என்று ஒவ்வொன்றும் தன் நிறத்தைக் காட்டுகின்றது. நம் தோழருடைய சீவலிலும் இப்படித்தான் பார்த்தார்கள். லிம்ஃபோமாவில் பல பத்து வகைகள் இருக்கின்றன. சிலவற்றுக்கு உடனே மருந்து வேண்டும், சிலவற்றைச் சும்மா பார்த்துக் கொண்டிருந்தாலே வருஷக் கணக்கில் போதும். வகை தெரியாமல் மருந்தில்லை. பி அணுவின் தோலிலுள்ள சி.டி. 20 என்னும் குறியைத் தாக்குகின்ற ரிட்டுக்சிமாப் மருந்து 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007-இல் இந்தியாவிலேயே அதற்கு நிகரான மருந்தைச் செய்து விலையைக் குறைத்தார்கள். மூட்டுகளைத் தாக்குகின்ற முடக்குவாதத்துக்கும் அதே மருந்து கொடுக்கின்றார்கள். அங்கேயும் குறும்பு செய்வதில் அதே பி அணுவுக்குப் பங்கு இருப்பதால்தான்.

கடைசியாக, தாய்மார்கள் எல்லோரும் சொல்லுகின்ற ஒன்று. "கத்தி பட்டால் பரவிவிடும்." லிம்ஃபோமாவில் சோதனைக்காக ஒரு நெறியை எடுப்பதால் நோய் பரவுவதில்லை. பின் ஏன் இந்தப் பேச்சு வந்தது? வருஷக் கணக்கில் கயிறும் பத்தும் போட்டுவிட்டு, முற்றிய பின் கத்திக்கு வருகின்றார்கள். பிழைப்பதில்லை. ஊரார் கயிற்றை மறந்துவிட்டுக் கத்தியைப் பிடித்துக் கொள்ளுகின்றார்கள். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். பொட்டுக் கட்டுகின்ற வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய அதே அம்மையார், அந்தத் துக்கத்தைப் பரிகாரத்தில் கரைக்காமல், 30 வருஷம் விடாமல் முயன்று, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்க வைத்தார்.

ஆகவே, மூன்று நாலு வாரத்துக்கு மேல் அடங்காத நெறி, வலியில்லாமல் ரப்பர் போலிருக்கின்ற நெறி, காறை எலும்புக்கு மேலே வருகின்ற நெறி, காரணமில்லாத காய்ச்சல், ராத்திரி வேர்வை, இளைப்பு இவற்றோடு வருகின்ற நெறி, எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், "சதைப் பரிசோதனை வேண்டுமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். காசம் என்று சொன்னாலும் எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று மரியாதையாய்க் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

நம் தோழருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகின்றார்கள். ஐந்து முறை முடிந்தது. தலைமயிர் போயிற்று, கழுத்துக் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. ராத்திரி வேர்வை நின்றுவிட்டது. இந்த நோய் உள்ள இளம் வயதினரில் மிகப் பெரும்பாலோர் முழுக்கக் குணமாகின்றார்கள் என்று டாக்டர்கள் சொல்லுகின்றார்கள். ஆறாவது முறை வருகின்ற செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அஷ்டமி, நாளை மாற்றக் கூடாதா என்று பாட்டியம்மாள் நம்மிடம் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் மாற்ற மாட்டார்கள் என்று சொன்னோம். சரி, நானும் வருகின்றேன் என்றார்கள். விடியற்காலம் 5 மணி பஸ். பாட்டியம்மாளால் மருந்துச் சீட்டுக்கு வரிசையில் நிற்க முடியாது. கூடப் போக ஓர் ஆள் வேண்டும், அன்று அவர் தறியைப் பார்த்துக் கொள்ள ஓர் ஆள் வேண்டும். கூட்டம் கலைவதற்குள் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.